பன்னிரண்டு சீட்டும் பச்சை

வடக்கனந்தலில் அன்று காலை பேட்டரி வேனுக்கு ராதிகா ஒன்றுக்கு மூன்றாகச் சந்தனப் பொட்டு வைத்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து இந்த அடிவார ஊரிலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் அந்தப் பன்னிரண்டு சீட் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். வண்டி கம்பெனியுடையது, வருமானத்தில் அவளுக்கும் பங்கு. கீழே இருக்கிற ஒரு குடும்பம் மாதக் கட்டணம் கட்டிவிட்டால், மலை ஏறும்போது ஒரு சீட் அந்தக் குடும்பத்துக்கே சொந்தம். இறங்கும்போது மலை ஜனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நெருக்கியடித்து வரும். ஏறும்போதுதான் வம்பு. தினமும் மலைக்குப் போக யாருக்கு வேலை இருக்கிறது? பாதி சீட் காற்று வாங்கிக்கொண்டு ஏறும்.

இன்றைக்குப் பன்னிரண்டும் நிரம்பி ஏறினால் வண்டி இங்கேயே இருக்கும், கூடவே இன்னும் இரண்டு வரும். இல்லையென்றால் நாளைக்கே லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதைச் சொல்லவே சென்னையிலிருந்து தீனதயாளன் வந்திருந்தார். அவருடைய கார்டில் ‘பசுமைப் போக்குவரத்துச் சிந்தனையாளர்’ என்று போட்டிருந்தது. சிந்திக்க அவருக்கு ஏசி தேவைப்பட்டதால் டீசல் காரில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு.

“மேடம், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் சென்சார் இருக்கு. ஆள் உட்கார்ந்தா என் போன்ல பச்சை எரியும். டேட்டா பொய் சொல்லாது!” என்று விரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, காரின் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மளிகைக்கடை ஜெயம்மாள் முதலில் வந்தாள். தன்னுடைய சீட்டில் ஒரு வெங்காய மூட்டையைத் தூக்கி வைத்தாள். பெல்ட்டை மாட்டினாள். இறங்கிவிட்டாள்.

“யக்கா, நீ ஏறல?”

“நான் மேல போயி இன்னா பண்றது? டீக்கடை பொன்னுரங்கம் வெங்காயம் கேட்டான். பஸ்ல ஏத்தினா கூட ஒரு ஆளு வரணும்ங்கிறான் கண்டக்டரு. இங்க சீட்டு என்னுது. நான் குந்தினா இன்னா, மூட்டை குந்தினா இன்னா?”

“ஐயோ, இன்னிக்கு சோதனைக்கா! ஆளுங்க குந்தணும்!”

“எங்க வூட்டுக்காரர விட இது அடக்கமா குந்தும். நீ வண்டிய எடு.”

சுற்றி நின்ற மற்ற சீட்டுக்காரர்கள் இதைக் கேட்டார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடினவர்கள் திரும்பி வரும்போது அரிசிச் சிப்பம், கோழித் தீவனம், தையல் மிஷின், மலையில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு ஒரு கிரைண்டர் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராதிகா கத்திப் பார்த்தாள், கும்பிட்டுப் பார்த்தாள். வண்டி நிரம்பிவிட்டது. ஆள் என்று அவள் ஒருத்திதான்.

புறப்படுவதற்குள் போன் அடித்தது. “மேடம்! பன்னிரண்டும் பச்சை! ஹண்ட்ரட் பர்சென்ட்!”

“சார், ஒரு விஷயம் சொல்லணும்...”

“விஷயமே இதுதான் மேடம்! மக்களோட மனமாற்றம்! கிளம்புங்க!”

வேன் சத்தமில்லாமல் மலை ஏறியது. ராதிகாவின் நெஞ்சுதான் இன்ஜின் மாதிரி அடித்தது. பாதி மலையில் மறுபடியும் அவர் போன்.

“பயணிகள் எப்படி ஃபீல் பண்றாங்க?”

“ரொம்ப அமைதியா இருக்காங்க சார். அதத்தான் நான்...”

“கண்ணியமான ஜனங்க!” என்று உருகி, போனை வைத்துவிட்டார்.

வெள்ளிமலையில் கூட்டம் காத்திருந்தது. தீனதயாளன் ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் போனோடு காரிலிருந்து குதித்தார். போனின் வீடியோவில் கம்பெனி முதலாளி இசபெல்லா. “நம்ம முதல் பயணியை வரவேற்கிறேன் மேடம்!” என்று கதவை இழுத்து, பூச்செண்டை நீட்டினார்.

வெங்காய மூட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ராதிகா ஓடி வந்து, போனைப் பார்த்து மூச்சுவிடாமல் நடந்ததைக் கொட்டினாள். “மறைக்கலீங்க மேடம். ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன், சார் கேக்கல.”

இசபெல்லா போனுக்குள்ளிருந்து மூட்டையை உற்றுப் பார்த்தாள். ராதிகாவுக்கு லாரி கண்ணில் தெரிந்தது.

“சீட்டுக்கெல்லாம் பணம் கட்டியாச்சா?”

“கட்டிட்டாங்க மேடம்.”

“நாளைக்கும் மூட்டை ஏறுமா?”

“டெய்லி ஏறுங்க! மேல கடைங்க இருக்கு, வூடுங்க இருக்கு. ஆளுதான் டெய்லி வராது, சாமான் வரும்!”

போனுக்குள் இசபெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏற மூட்டை, இறங்க ஆளு. ஆறு மாசமா இத்தனை பேர் உட்கார்ந்து யோசிச்சோம், ஒருத்தருக்கும் தோணலியே! வண்டி அங்கேயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு அனுப்பறேன்.”

தீனதயாளனுக்கு அந்த நொடியே உயிர் வந்தது. “மேடம், நான் முதல்லேருந்தே வலியுறுத்தின மாதிரிதான் இது! இதுக்கு ‘மனித-பொருள் இருக்கைச் சமத்துவம்’னு பேர் வச்சு...”

“ஐயா, கொஞ்சம் நவுருங்க,” என்றான் பொன்னுரங்கம். “வெங்காயம் இறங்கணும்.”

சாமான் இறங்க இறங்க ஜனம் ஏறியது. வீரமுத்து என்ற மலைக்காரர் ஒரு பலாப்பழத்தைச் சீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். “இறங்கறப்பவும் எங்களுக்கு இப்பிடி சீட்டு சொந்தமா குடும்மா. மாசக் காசு நான் தரேன். பழத்துக்கு ஜன்னல் ஓரம் வேணும், இல்லாட்டி வெந்து பூடும்.” எனக்கும், எனக்கும் என்று பின்னால் பத்துக் குரல்.

“இந்த வண்டில எடமில்லீங்க!” ராதிகா படியில் ஏறி நின்று கத்தினாள். “அடுத்த வண்டில தர்றேன்!”

அடுத்த வண்டி. சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. சரிபார்த்துக்கொள்வதற்காக, யாரும் கேட்காமலே, இன்னும் சத்தமாக இன்னொரு தடவை கத்தினாள்.