செரீனா வாரியத்தில் சொல்ல வேண்டியது

1.

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மலையூர் ரிங்லெட்டில், தாஜுதீன் சாப்பாட்டுக் கடையில் நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது செரீனா எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்து தாதியானவள், எங்கள் பேச்சில் மிஸ்ஸி. அடுத்த மாதம் தாதியர் வாரியத்தில் அவளுக்கு விசாரணை. லைசென்ஸ் இருக்குமா போகுமா என்பது அங்கேதான் முடிவாகும்.

“நீங்கதான் கதை எழுதுறவங்களாச்சே அண்ணே. அங்க நான் என்ன பேசணும்னு எழுதிக் குடுங்க லா,” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் என் எழுத்து அவசரமாக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

2.

முதல் தொடக்கம்: “மலையெங்கும் பனி மூடிய ஒரு காலையில், வெள்ளுடை தரித்த தேவதை…”

வேண்டாம். தேவதைகள் யாரையும் ஃபிளாஸ்கால் அடிப்பதில்லை.

இரண்டாவது: “பொறுப்பில்லாத அண்ணன் எட்ரியன் அன்றும்…”

இது அப்பட்டமான பொய். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

செரீனாவின் அம்மா அற்புதம்மாளுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். தினமும் கட்டு மாற்றியது செரீனாதான். அவள் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த சமயம், அம்மா முனகுவதைப் பார்க்கப் பொறுக்காமல் எட்ரியன் கட்டை அவிழ்த்தான். யாரோ சொன்ன எண்ணெயைத் தடவி, மேலே காப்பித்தூளை அப்பினான். பாசத்தில் செய்ததுதான். செரீனா திரும்புவதற்குள் புண் சீழ் பிடித்துவிட்டது. காலில் இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டபோது செரீனா சீருடையில் வார்டு வாசலில் நின்றாள். எட்ரியன் அம்மாவுக்குக் குடிக்க மைலோ கலந்து ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு வந்தான். அந்த ஃபிளாஸ்கைப் பிடுங்கி அவன் முகத்திலேயே அடித்தாள். புருவம் கிழிந்தது. உடனே அவளே பஞ்சை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தினாள்.

(இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனாலேயே சந்தேகம் வந்தது. நானாகச் சேர்த்துக்கொண்டேனோ என்று அவளிடமே கேட்டேன். நடந்ததுதானாம். ஆனால் அழுத்தும்போதும் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தாளாம், அதை நான் விட்டுவிட்டேனாம்.)

3.

ஆஸ்பத்திரிக் காவலர் போலீசில் புகார் கொடுத்தார். அது அவர் வேலை. கேஸ் வேண்டாம் என்று எட்ரியன் கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை.

அவன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். கோர்ட் என்றால் அவனுக்குத் தெரிந்தது போக்குவரத்துக் குற்றத்துக்கு வரும் சமன் ஒன்றுதான். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று தங்கைக்குத் தைரியம் சொன்னான். அவளும் வக்கீல் வைக்காமல் ஒத்துக்கொண்டாள். ஃபைனைக் கட்டிவிட்டு, தொல்லை விட்டது என்று இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தார்கள். ஒத்துக்கொண்டால் குற்றவாளி என்று பதிவாகும், அது வாரியம் வரை போகும் என்று இருவருக்கும் தெரியாது. அண்ணன் பாசத்தில் செய்த இரண்டாவது வைத்தியம் இது.

(வாரியத்தை வில்லனாக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தினமும் ஏதாவது முட்டாள்தனம் செய்வார்கள். அவர்களை அடிக்கும் ஒரு தாதியை எப்படி வார்டில் விடுவது? வாரியம் கேட்பது நியாயம்தான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.)

4.

நான் எழுதிக்கொடுத்த பேச்சில் செரீனா இரண்டு இடத்தில் தேம்பினாள். இனி வாழ்நாளில் கோபப்படவே மாட்டேன் என்று முடித்திருந்தேன். படித்துவிட்டு, இது யாருண்ணே என்று கேட்டாள். கோபம் கட்டாயம் வரும் என்றாள். கையும் கூடவே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் மனநல ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள்.

தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

“அம்மா இப்பல்லாம் வலிக்குதுன்னு என்கிட்ட சொல்றதில்லண்ணே. கேட்டா, நல்லாருக்கும்மாங்குது. வலிக்குதுன்னா அண்ணன எதும் செஞ்சிடுவேனோன்னு பயம். மிஸ்ஸிகிட்டயே வலிய மறைச்சா, அப்புறம் நான் என்ன மிஸ்ஸி?”

இதை மட்டும் வாரியத்தில் சொல்லிவிடாதே என்றேன். இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதிக்கொடுத்ததை நானே வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

5.

முடிவு அ: வாரியம் கண்டித்து விட்டுவிடுகிறது. செரீனா திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள். இது நடக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆசைப்பட்டதை எழுதினால் பேச்சில் செய்த அதே தப்பு.

முடிவு ஆ: லைசென்ஸ் போகிறது. லெம்பா பெர்த்தாமில் ஒரு தோட்டத்தில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டு, பக்கத்தில் யாருக்காவது கை அறுபட்டால்…

எழுத முடியவில்லை. விட்டுவிட்டேன்.

இதை எழுதும் இன்று அவள் விசாரணைக்குப் போயிருக்கிறாள். லோரியை ஒரு நாள் நிறுத்திவிட்டு எட்ரியன்தான் கூட்டிப் போயிருக்கிறான். தீர்ப்பு சொல்வது வாரியத்தின் வேலை, அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். இன்னொன்று கேட்கிறேன்.

நீங்கள் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். புண்ணில் உங்கள் மகன் எதையோ தடவிவிட்டான். பயந்துபோய்ப் பக்கத்தில் நிற்கிறான். கட்டு மாற்ற வந்தவள் செரீனா. உங்களுக்கு உயிர் போகிற வலி. அவள் குனிந்து, “வலிக்குதா?” என்கிறாள்.

என்ன சொல்வீர்கள்?