தோளில் முளைத்த புதர்

புல்வெளியின் கடைசி மஞ்சள் பூப் புதரை வேரோடு பிடுங்கிய மறுநாள், புல்டோசர் ஓட்டுநரின் இடது தோளில் அதே புதர் ஒரு முழ உயரத்துக்கு முளைத்திருந்தது. வலி இல்லை, சட்டை போடுவதுதான் சிரமம். அந்த வறண்ட புல்வெளி மேட்டைத் தரிசு என்று முடிவுகட்டி, பச்சையாக நின்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு மரக்கன்று நடுவதற்குப் பசுமைத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிடுங்கியது அவன்; பெயர் வைத்தது மேலதிகாரி. புதருக்கு ஏனோ மேலதிகாரியின் தோள் பிடிக்கவில்லை.

வாரம் திரும்புவதற்குள், புதரை நம்பிப் பிழைத்தவையெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டன. பூவுக்குத் தேனீக்கள், இலைக்குப் புழுக்கள், புழுவுக்கு ஒரு சிட்டு. அது அவன் காதோரம் கூடுகட்டி முட்டையும் இட்டுவிட்டதால், உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத அவன் மனைவி, வீட்டிலேயே துணி தைப்பவள், கட்டிலில் தனியாகக் கிடந்தாள்.

“எங்க அக்கா குடும்பம் ரெண்டு நாள் தங்கினதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. இதுங்களுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு பெரிய மனசு?”

“குஞ்சு பொரிச்சதும் வெட்டிடலாம்மா.”

குஞ்சுகள் பறந்தன. புழுக்கள் பட்டாம்பூச்சியாகட்டும் என்றான். பிறகு காய் முற்றட்டும் என்றான். காய் வெடித்ததும் மறுபடி மொட்டு விட்டது, சிட்டும் திரும்பி வந்தது. ஒருநாள் அவள் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். வெட்டுவதானால் வெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டான், வெட்டமாட்டாள் என்ற தைரியத்தில். அவள் வெட்டவில்லைதான். கத்தரிக்கோலையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேனீக்குப் பயந்து வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும், அவன் மேட்டுக்கே போய் உட்கார்ந்தான். நட்ட கன்றுகளெல்லாம் இரண்டே கோடையில் கருகிவிட்டிருந்தன. பார்வையிட வந்த மேலதிகாரி, அங்கே பச்சையாக இருந்தது அவன் ஒருவன்தான் என்பதால், அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பதவி உயர்வில் போனார்.

மனைவி மனசு கேட்காமல் மாதம் ஒருமுறை பேருந்தில் வருவாள். ஒருமுறை, வெட்கத்தை விட்டு, அவன் மடியில் கொஞ்சம் தலைவைத்துப் படுக்கவா என்று கேட்டாள். மடியில், புதரின் நிழலில், ஒரு முயல் தூங்கிக்கொண்டிருந்தது.

“எழுப்பட்டுமா?” என்றான்.

“வேணாம். இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”

இருவரும் காத்திருந்தார்கள். முயல் எழுவதாகத் தெரியவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகவே, அவள் சத்தமில்லாமல் எழுந்து போனாள்.