துணி என்று சொன்ன பொட்டலம்

வேனில் முடியவேண்டிய நாள் கடந்தும் முடியாமல் நீண்டது. பிற்பகல்தோறும் முகில்கள் திரண்டு, கருத்து, கூரைகளின்மேல் தாழ இறங்கி நின்றன. பின்னர், ஈய மனமில்லாத செல்வரைப்போல், வந்த வழியே கலைந்து போயின. மரங்களில் ஓர் இலையும் அசையவில்லை. சாலையின் தார் இளகி நடப்போர் செருப்பைப் பற்றி இழுத்தது. பகலெல்லாம் சுவர் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் அறைகள் உமிழ்ந்தன. வானும் மண்ணும் ஒரு சொல்லைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்து நின்றன.

அத்தகைய ஒரு நண்பகலில், திரைச்சீலை தைக்கும் கடையிலிருந்து சாப்பிட வீடு வந்த தையலம்மாள் வாசற்படியிலேயே செய்தியைக் கேட்டாள். தெருவில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. செய்தி சொன்னவள் அவள் மகள்.

"அம்மா, அவருக்கு அந்த வெளிநாட்டு வேலை உறுதியாயிடுச்சு. காலையில பேப்பரெல்லாம் வேலை வாங்கிக் குடுத்த ஏஜென்டுக்குக் கூரியர்ல போட்டுட்டு வந்துட்டார்."

"நகலைத்தானே?"

மகள் தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நகலைத்தானே போட்டார்?"

"ஒரிஜினல்தான் வேணும்னு சொன்னாங்களாம்."

தையலம்மாள் குவளையை வாங்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளறையில் இருந்தார். குளிர்ப்பெட்டி பழுதுபார்ப்பவர், பிறர் பொருளில் ஒரு திருகாணியைக்கூடத் தம்முடையதாக்காதவர், வாயில் பொய் வராதவர் என்று பெயரெடுத்தவர். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே மாமியார் குரலுயர்த்துவது முறையன்று என்பது தையலம்மாளின் கொள்கை. ஆதலால் மணமான நாள்முதல் அவளுடைய சினம் மகளின் தலைக்கு மேலாகவே சென்று உரிய இடத்தைச் சேரும். அன்றும் அவ்வழியே புறப்பட்டது.

"உன் வீட்டுக்காரரைக் கேளு, என்னென்ன அனுப்பினார்னு."

உள்ளிருந்து விடை வந்தது. "பாஸ்போர்ட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தொழில் படிச்ச சான்றிதழ். அவ்வளவுதான்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"அவ்வளவுதானாமா? தோலை உரிச்சு அனுப்பலையான்னு கேளு. அது ஒண்ணுதான் பாக்கி."

"நம்பிக்கைக்காகக் கேக்கறாங்கன்னு சொல்லு. சேர்றதுக்கு முன்னாடியே சந்தேகப்பட்டா எந்த முதலாளி வேலை குடுப்பான்?"

"நம்பிக்கையா? அவன் பங்குக்கு அவன் என்ன அனுப்பினானாம்? அவன் பிறந்த சான்றிதழா, அவன் பொண்டாட்டி கம்மலா? கேளுடி."

மகள் இருபுறமும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நடுவுல என்னை எதுக்குத் தபால் பெட்டியாக்கறீங்க?"

தையலம்மாள் சுவரோரம் அமர்ந்தாள். அவளுடைய கணவரும் ஒருகாலத்தில் தம் அசல்களைக் கடல் கடந்த முதலாளி ஒருவனிடம் ஒப்படைத்தவர்தாம். மகளுக்கு முன் பிறந்த ஆண்பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, "அப்பா எப்ப வரும்?" என்பதைத் தவிர வேறொன்றும் அது கேட்கவில்லை. அங்கே அவர் கடவுச்சீட்டு பூட்டியிருந்த இரும்பு அலமாரியின் முன் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடியட்டும் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் வந்தார், பிள்ளைக்கென்று ஒரு சட்டை வாங்கிக்கொண்டு. அது பொருந்துமா என்று அணிவித்துப் பார்க்க வீட்டில் ஆளில்லை. அதற்குப்பின் அவர் வாழ்ந்த நாளெல்லாம் பூட்டு திறக்கும் ஓசை கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். மகளுக்கு இந்தக் கதை தெரியும், மாப்பிள்ளைக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கேட்ட கதைக்கும் பட்ட காயத்துக்கும் உள்ள தொலைவு பெரிது.

"ஒண்ணே ஒண்ணு செய்யச் சொல்லு," என்றாள். "அந்த ஏஜென்டுக்குப் போன் போட்டு, அவசரத்துக்கு ஊருக்கு வரணும்னா பேப்பரைக் கையில குடுப்பீங்களான்னு கேக்கச் சொல்லு. குடுப்பேன்னு சொல்லிட்டா நான் வாயை மூடிக்கறேன்."

மாமியார் வாயை மூடுவதென்றால் எந்த மாப்பிள்ளைக்கும் அது நல்ல பேரம். அவர் கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கைப்பேசியை ஒலிக்கவிட்டு ஏஜென்டை அழைத்தார்.

"பார்சல் போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சு சார். நீங்க சொன்ன மாதிரியே சட்டைக்குள்ள சுத்தி வெச்சு, துணின்னு சொல்லிட்டேன்."

தையலம்மாளின் புருவம் உயர்ந்தது.

"சமத்து. வேற என்ன?"

"ஒரு சின்ன விஷயம் சார். நடுவுல ஏதாவது அவசரம்னா, ஊருக்கு வர பாஸ்போர்ட்டைக் குடுத்துடுவீங்கள்ல?"

மறுமுனை சிரித்தது. "என்ன தம்பி, ஆட்டைக் கட்டின கயித்தை ஆட்டுகிட்டயேவா குடுப்பாங்க? ஒப்பந்தம் முடியற வரைக்கும் முதலாளி பீரோவுல பத்திரமா தூங்கும்."

"வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலேன்னா..."

"உடம்பு முடியலேன்னா டாக்டர் பாப்பார். நீ வந்து என்ன மருந்தா எழுதப் போற? சும்மா மனசைக் குழப்பிக்காத."

அழைப்பு அறுந்தது. மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்தபடியே நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. ஆடு என்ற சொல் அவரிடம் வந்து சேரச் சிறிது நேரம் பிடித்தது.

தையலம்மாளின் சினம் அப்போது மகளின் தலையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேரே போயிற்று.

"செருப்பை மாட்டுங்க மாப்பிள்ளை."

கூரியர் அலுவலகம் குறுகலான கூடம். மேசையில் ஒட்டுநாடாவைக் கிழிக்கும் ஓசை ஓயவில்லை. சுவரோரம் சாக்குகள் நிரம்பி நின்றன. பக்கவாயிலில் ஒரு வண்டி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி அணிந்த எழுத்தர். மாப்பிள்ளை ரசீதை நீட்டி, பொட்டலத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்றார்.

"தாராளமா. அனுப்பினவர் நீங்கதானே? அடையாள அட்டை காட்டுங்க."

"அது பொட்டலத்துக்குள்ள இருக்கு. நகல் வெச்சிருக்கேன்."

"நகலெல்லாம் செல்லாதுங்க. ஒரிஜினல் வேணும்."

தையலம்மாள் மேசையில் கையூன்றினாள். "அங்கேயும் ஒரிஜினல், இங்கேயும் ஒரிஜினலா? ஒரிஜினலே மூக்கும் முழியுமா உங்க முன்னாடி நிக்குதே, அது போதலையா?"

"அம்மா, கோச்சுக்காதீங்க. நாளைக்கு வேற யாராவது ரசீதோட வந்து, உங்க பொட்டலத்தை என்னோடதுன்னு தூக்கிட்டுப் போனா ஒத்துக்குவீங்களா? என் வேலை போயிடும்."

அந்த நியாயம் அவளை இன்னும் எரித்தது. அநியாயக்காரனாக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். வண்டி இன்னொரு சாக்கை விழுங்கியது. கோபத்தை இறக்க இடம் தேடி அலைந்த அவள் கண்கள் மேசைக்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையில் நின்றன. அனுப்பக்கூடாதவை: பணம், நகை, மருந்து, கடவுச்சீட்டு. அதன்கீழ் ஒரு வரி: உள்ளிருப்பதை மறைத்துக் கூறினால் பொட்டலம் பிரித்துப் பார்க்கப்படும்.

அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். அவரும் அதை வாசித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

"விட்டுடலாம் அத்தை. ஆளுங்க பாக்கறாங்க."

வரிசையில் அடுத்து நின்றவர் ரொட்டிக்கடை முதலாளி. கடைச் சாவியையே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்கு நம்புகிறவர். "என்ன பிரிட்ஜ்காரரே, ஏதாவது சிக்கலா?" என்று அவர் எட்டிப்பார்த்தார்.

தையலம்மாள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்ந்த குரலில் அனல் கூடுதலாக இருந்தது. "நான் சொன்னா கிழவி பொலம்பறான்னு போயிடுவாங்க. பொய் சொன்ன வாய் சொன்னாத்தான் அந்தக் கட்டு பிரியும். நல்ல பேரைக் காப்பாத்திக்கிட்டு, ஆளை அங்க அடகு வைக்கப் போறீங்களா? என் பொண்ணு நாளைக்குக் கூப்பிட்டா, பேரா எழுந்து வரும்?"

மாப்பிள்ளை உதட்டை நனைத்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரரைப் பார்க்காமல், எழுத்தரைப் பார்த்து, கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"நான் காலையில பொய் சொன்னேங்க. துணி மட்டும் இல்ல. உள்ள என் பாஸ்போர்ட் இருக்கு. மறைச்சு அனுப்பினேன்."

ஒட்டுநாடாவின் ஓசை நின்றது. எழுத்தர் மேலாளரை அழைத்தார். வண்டிக்குள் ஏறியிருந்த சாக்கு ஒன்று இறங்கியது, பொட்டலம் வெளிவந்தது, கத்தி அதன் வயிற்றைக் கீறியது. மடித்த சட்டைக்குள்ளிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேலாளர் கடவுச்சீட்டைத் திறந்து, படத்தை மாப்பிள்ளையின் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"இதுல மீசை இருக்கே."

"எடுத்துட்டேங்க."

"மீசை மட்டும்தான் போச்சு," என்றாள் தையலம்மாள். "புத்தி அப்படியேதான் இருக்கு. அதை வெச்சே அடையாளம் கண்டுக்கலாம்."

ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பை இருமலாக்க முயன்று தோற்றார். மேலாளரும் சிரித்தார். ஆயினும், இனி மாப்பிள்ளை தரும் எந்தப் பொட்டலமும் அவர் கண்முன் பிரித்துப் பார்த்த பின்பே ஏற்கப்படும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டே தாள்களைத் தந்தார். மாப்பிள்ளை தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் ஏஜென்டை அவரே அழைத்தார். "ஒரிஜினல் வராது சார். நகல் அனுப்பறேன். அங்க வந்ததும் ஒரிஜினலைக் காட்டிட்டு, என் பையிலயே வெச்சுக்கறேன்."

"அப்போ வேற ஆள் பாத்துக்கறேன். வரிசையில நிக்கறாங்க தெரியுமா?"

"பாருங்க சார். அந்த ஆள் வீட்டுலயும் ஒரு மாமியார் இருக்கட்டும்."

தையலம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கோபம் தணிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஏஜென்டின் சிரிப்பின்மீது, அந்த அலமாரியின்மீது, அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இன்று எங்கோ உண்டு உறங்கும் கைகளின்மீது, அது முழுதாக இருந்தது.

வீட்டில் கைகால் கழுவி, இறைவன் படத்தின் முன் அமர்ந்து விளக்கில் எண்ணெய் வார்த்தாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது. நாள்தோறும் பாடும் பதிகத்தை அன்று வாய்க்குள்ளேயே பாடினாள். வேண்டுதல் என்று ஒன்றும் வைக்கவில்லை. சுடர் நிமிர்ந்து நிற்கும்வரை கைகுவித்துப் பார்த்திருந்தாள்.

பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றார். தாள்கள் சட்டைப்பையில் புடைத்துத் தெரிந்தன. குனிந்து அவள் காலைத் தொட்டார்.

அவள் அவர் தலைமேல் கைவைத்தாள்.

"எந்தத் தேசத்துக்கு வேணும்னாலும் போங்க. வீட்டுல கூப்பிட்ட நேரம் யாரையும் கேக்காம கிளம்பி வர்ற வாழ்வு உங்களுக்கு அமையட்டும். நல்லா இருங்க."