முருங்கை மூட்டில் ஊற்றிய மருந்து

மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதித் தள்ளுகிற ஓர் ஆசிரியரின் புத்தகங்களில் பதினெட்டைப் படித்து முடித்திருந்தேன். எல்லாம் ஒரே அச்சு. முரட்டு ஆள்மேல் சந்தேகம் வரும். கடைசியில் பார்த்தால், சிரித்த முகமாய் வீட்டுக்குள் வந்து பணிவிடை செய்தவன்தான் கொலைகாரன். விஷம் கசக்கும். சொத்துதான் காரணம். பத்தாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்!

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் என் வீட்டுக்காரர் மலேரியாவில் விழுந்தார். ராயகிரியிலிருந்து அவர் தம்பி காசிராஜன் ஓடிவந்தான். நிலம் இன்னும் பாகம் பிரிக்காமல் கிடந்தது. வந்தவன் முகம் சுளிக்காமல் அண்ணனுக்குக் கால் பிடித்தான், வாந்தி அள்ளினான், டாக்டரிடம் போய் மருந்தும் வாங்கிவந்தான். புட்டியில், வேளைக்கு எவ்வளவு என்று கோடு காட்டும் காகிதம் ஒட்டியிருந்தது.

"தப்பாமக் குடுங்க மதினி," என்று சிரித்தான்.

விரலில் தொட்டு நக்கினேன். ஐயோ, என்ன கசப்பு! அந்தப் புத்தகங்களில் வருகிற விஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கிற குயினா மருந்து கசக்கும் என்பது எனக்கும் தெரியும்தான். பயம் பிடித்தவளுக்குப் புத்தி எங்கே நிற்கிறது?

மருந்தை வேளைக்கு ஒரு கோடாக கொல்லையில் நின்ற முருங்கை மரத்தின் மூட்டில், வேரோரமாய் ஊற்றினேன். அவருக்கு, நோய் தீர்க்கும் என்று நம்பி, கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். காசிராஜன் அடுப்படிப் பக்கம் வந்தாலே சட்டிபானையை மூடிவைத்தேன். அவன் தொட்ட கஞ்சியைக்கூட யாருக்கும் தெரியாமல் கொட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் என்னைப் பார்த்து, "யாருட்டி நீ?" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. காசிராஜன் வண்டி கட்டிப்போய் டாக்டரை அழைத்துவந்தான்.

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "குயினா ஒழுங்கா உள்ள போச்சா?"

நான் வாயைத் திறக்குமுன் காசிராஜன் முந்திக்கொண்டான். "எங்க மதினி ஒரு வேளகூடத் தப்பாமக் குடுத்தாவ, டாக்டர். புட்டியப் பாருங்க. சாமி சத்தியமாச் சொல்லுதேன்." அழுதுகொண்டிருந்தான்.

"அஞ்சு நாள் குயினா குடுத்தும் கேக்கலன்னா, இது மலேரியா இல்ல. குயினாவ நிறுத்திருவோம்."

"நிப்பாட்டாதிய!" என்று கத்திவிட்டேன். "ஒரு சொட்டுகூடக் குடுக்கல. எல்லாத்தையும் முருங்க மூட்டுல ஊத்திட்டேன்."

டாக்டர் என்னைத் திட்டிக்கொண்டே ஊசியை எடுத்தார்.

"ஏன் மதினி?" என்றான் காசிராஜன். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ அவியளக் கொல்ல வந்திருக்கியோன்னு நெனச்சேன், தம்பி."

டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் புதுப் புட்டியை நீட்டினார். காசிராஜன் அண்ணன் கையை மெல்ல விட்டுவிட்டு, எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றான்.

"நான் தொடல மதினி. நீங்களே வாங்கிக் குடுங்க."