லேப் அக்காவின் டப்பாக்கள்

அந்த வீட்டுச் சமையலறையைப் பற்றிக் கேட்பதற்கு முன் மூக்கைப் பொத்திக்கொள்வது நல்லது. மூன்று வாடகை அறைகளுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு, ஒரே தொட்டி, ஒரே ஃப்ரிட்ஜ். தொட்டியின் ஓட்டையில் யாரோ தின்று மிச்சம் வைத்த நூடுல்ஸ் ஊறி வெளுத்துக் கிடக்கும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை ஒருமுறை பிழிந்து பார்த்தவர்கள் பிறகு அதைத் தொடமாட்டார்கள். அதனால்தான் அது தூக்கிப் போடப்படாமல் அங்கேயே இருந்தது. அடுப்பு மேடையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று, கையை வைத்தால் கை ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், முதல் அறை டிரைவர் என்றைக்கோ வாங்கி வைத்து மறந்துபோன மீன் பொட்டலம் ஒன்று சாறு விட்டுக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில் இருந்த வீட்டுக்குத்தான் லேப் அக்கா ஆசை ஆசையாகக் குடிவந்தாள்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணியிலிருந்து ஊராருடைய ரத்தம், சளி, சிறுநீர், மலம் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். அதில் அவளுக்கு முகச்சுளிப்பே கிடையாது. டப்பாவில் போட்டு, மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிவிட்டால் உலகத்தில் எதுவுமே அசிங்கமில்லை என்பது அவள் கட்சி. மூடாததும் தேதி இல்லாததும்தான் அசிங்கம். அந்தக் கணக்கில் இந்தச் சமையலறை தரையிலிருந்து கூரை வரை அவளுக்குக் குமட்டியது.

ஆனாலும் வந்தாள். பதினோரு வருடம் அண்ணன் வீட்டில் சமைத்துக் கொட்டிவிட்டு வந்தாள். அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள், அண்ணியின் அப்பா, அம்மா. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சமையல், திரும்பி வந்ததும் ஒரு சமையல். ஒருவருக்குக் காரம் ஆகாது, இன்னொருவருக்குக் காரம் இல்லாமல் இறங்காது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் உள்ளே போனதும், தலையைத் தூக்காமல், "உப்பு கம்மி" என்பான். அவளுடைய சமையலைப் பற்றி அவன் சொன்னது அது ஒன்றுதான். உப்பு சரியாக இருக்கும் நாளில் அதுவும் கிடையாது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டுவான். மென்று துப்பிய சக்கை தட்டோரத்தில் குவிந்து கிடக்க, எழுந்து போய்விடுவான். அதை வழித்துப் போடுவது அவள்.

ஒரு நாள் அண்ணனுடைய கடைக்குட்டி, ஆறு வயசுப் பெண், முதல் வாயை வைத்துக்கொண்டு தலையைத் தூக்காமல், "அத்தை, உப்பு கம்மி" என்றது. அடுத்த வாரம் அக்கா பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"மூணு மாசம் தாங்குவியா?" என்று அண்ணன் சிரித்தான். "உன் இடம் இங்கதான் இருக்கும், போய்ட்டு வா."

அந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அடுப்படி. அவள் சம்பளத்துக்கு ஊரில் கிடைத்த ஒரே தனியறை இதுதான். இதுவும் போனால் அந்த அடுப்படிதான்.

வந்த அன்றே சமையலறையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாள். பஞ்சு, சட்டி, கரண்டி எல்லாம் தனக்கென்று தனியாக வாங்கி அறையிலேயே வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சமையல், புதன்கிழமை ஒன்று. மூன்று கைப்பிடி பருப்பு, இரண்டு கேரட், கால்வாசி முட்டைக்கோஸ், நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், எல்லாம் ஒரே சட்டியில். சோறு மட்டும் அன்றன்றைக்கு அரை டம்ளர் அரிசி. கையைக் கடிக்காத சமையல். முதல் ஞாயிறு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உப்பைக் குறைத்துத்தான் போட்டிருந்தாள். தனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இந்தச் சந்தோஷம் மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தால் பாதியைக் காணோம். போனது போகட்டும், மிச்சமிருந்ததில் கரண்டித் தடம். வாயில் வைத்து, எடுத்து, மறுபடி உள்ளே விட்டு அள்ளியிருக்கிறார்கள். எச்சில் பட்ட பருப்பு நீர்த்துப்போய் மேலே ஒரு தெளிவு நின்றது. சீ, கருமம். டப்பாவோடு குப்பையில் போட்டாள். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் பருப்பைக் கூடுதலாக அள்ளிச் சட்டியில் போட்டவள், கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இங்கேயும் அடுத்தவர் வாய்க்குச் சமைக்க ஆரம்பித்தாகிவிட்டது.

டிரைவரைக் கேட்டாள். "உங்க பருப்பையா? ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருக்கு, அதை யாருக்கா தின்னுவா" என்றான். மூன்றாவது அறையில் பாலிசி ஐயா. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, தினமும் இஸ்திரி போட்ட சட்டை. பன்னிரண்டரைக்கு வெளியே போய் இரண்டு மணிக்கு வாயில் பல்குத்தும் குச்சியோடு திரும்பி வருவார். "நமக்கு ஹோட்டல்தாம்மா. கையைக் கழுவினோமா வந்தோமான்னு இருக்கணும்" என்றார். வீட்டுக்கார அம்மாவிடம் போனால், "ஒரு கரண்டி பருப்புக்கா இவ்வளவு பஞ்சாயத்து?" என்று கதவைச் சாத்தினாள்.

அக்கா யோசித்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெட்டி நிறைய சாம்பிள் டப்பாக்கள், அளவுக்கோடு தப்பாக அச்சடித்ததால் கழித்துக் கட்டப்பட்டவை, உறை பிரிக்காமல் கிடந்தன. மேற்பார்வையாளரிடம் கேட்டு எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சமைத்து அதில் நிரப்பினாள். தெளிந்த பருப்புத் தண்ணீர் இருந்த டப்பாக்களில் 'சிறுநீர்' என்று எழுதி ஒட்டினாள். கெட்டியாக மசிந்த காயும் பருப்பும் இருந்ததில் 'மலம்'. எண், தேதி, நேரம், 'திறக்கக் கூடாது'. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுப் பார்த்தபோது அவளுக்கே ஒரு நிமிடம் வயிற்றைப் புரட்டியது. பிறகு கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

பத்து நாள் நிம்மதி. டிரைவர் அலறியடித்துக்கொண்டு தன் மீன் பொட்டலத்தைத் தானே எடுத்துப் போட்டான், அது ஒரு புண்ணியம். ஆனால் போட்டவன் நேரே வீட்டுக்கார அம்மாவிடம் போய்ப் போட்டுக்கொடுத்தும் விட்டான். அந்த அம்மாள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஊரான் வீட்டுக் கண்றாவியை எல்லாம் கொண்டாந்து சோத்துப் பக்கத்துல வைக்கிறியே, நீ படிச்சவதானா? சனிக்கிழமைக்குள்ள இது வெளிய போகணும். இல்லன்னா நீ போகணும்."

பருப்பு என்று சொல்லிவிட்டால் அறை மிஞ்சும், சோறு போகும். சொல்லாவிட்டால் அறையே போகும். அக்கா இரண்டு நாள் விழித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒரு டப்பா காலி. 'மலம்' என்று எழுதிய டப்பா. துளி மிச்சமில்லாமல் வழித்து, கழுவி, மூடி, லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி இருந்த இடத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஒரு மனுசப் பிறவி அதற்குள் கரண்டியை விட்டிருக்கிறது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சமையலறை வாசலுக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தது. அதன் வெளிச்சத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லாமல், பாலிசி ஐயா. ஒரு கையில் டப்பா, வாயில் கரண்டி.

"ஐயா, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

ஐயா கரண்டியை வாயிலிருந்து எடுத்தார். முகம் வெளுத்தது. ஆனால் கேள்வி அவருடைய தொழிலைத் தொட்டுவிட்டதால் பதில் தானாக வந்தது.

"படிச்சேம்மா. முப்பது வருஷம் லேப் ரிப்போர்ட்டைப் படிச்சுத்தான் பொய் கிளெய்மைப் பிடிச்சேன். சாம்பிள் வீட்டுல இருந்து லேப்புக்குப் போகும், லேப்புல இருந்து வீட்டுக்கு வருமா? அதுவும் ஆறு டப்பாவுக்கும் ஒரே பேனா, ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. ஆறு பேருக்கும் ஒரே நேரத்துலயா வெளிய போச்சு?" கொஞ்சம் தயங்கினார். "இருந்தாலும் முதல்ல மோந்து பார்த்தேன். பூண்டு வாசனை."

இதோடு வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பார். விதி விடவில்லை.

"புதன்கிழமை எடுத்தது நல்லா இருந்துச்சு. இதுலதான் உப்பு கம்மி."

அக்கா செருப்பைக் கீழே போட்டாள். அவர் தலையில் போடாமல் இருந்ததே பெரிது. டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"திருடித் தின்ன வாய்க்கு உப்பு வேற பத்தலையா? தினம் ஹோட்டல்னு சொன்னீங்களே, அது என்ன?"

"அது போன வருஷத்தோட சரிம்மா. பென்ஷன் பத்தலை. சும்மா பார்க்குல போய் உக்காந்துட்டு வருவேன்."

"குச்சி?"

"ஹோட்டல் வாசல்ல வச்சிருப்பாங்க. எடுத்தா யாரும் கேக்கமாட்டாங்க."

"அரிசி பருப்பு வாங்கிப் பொங்கித் தின்னா ஹோட்டல் காசுல கால்வாசி ஆகாது. அடுப்பு இருக்கு. கை இருக்கு. என்ன கேடு?"

"எனக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியாதும்மா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை, லேசாகப் பெருமைகூட இருந்தது. "முதல்ல அம்மா இருந்தா. அப்புறம் நாப்பது வருஷம் என் வீட்டுக்காரி. என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டா. நல்லாத்தான் சமைப்பா. என்ன, உப்புதான்..." என்று இழுத்தார்.

அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மோவாயில் பருப்பு ஒட்டிக்கொண்டு நிற்கிற இந்தக் கிழவரைப் பார்த்து மட்டுமல்ல. இன்னும் இருபது வருடத்தில் அண்ணனும் இப்படித்தான் எவளுடைய ஃப்ரிட்ஜையோ திறந்துகொண்டு நிற்பான், நின்றுகொண்டு உப்பும் கேட்பான். அப்படி ஒருவனை உட்காரவைத்துப் பதினோரு வருடம் ஊட்டி வளர்த்தவள் தானேதான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நாளைக்கு வீட்டுக்கார அம்மா வருவாங்க. நீங்க வந்து, இது பருப்பு, நான்தான் திருடித் தின்னேன்னு சொல்லணும்."

"ஐயோ, மானம் போயிடும்மா."

"மலம்னு எழுதினதைத் தின்னப்போ போகாத மானமா?"



சனிக்கிழமை காலை வீட்டுக்கார அம்மாள் துண்டும் மூக்குமாக வந்தாள். பின்னால் டிரைவர், வேடிக்கை பார்க்க. பாலிசி ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒரு 'மலம்' டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டு மென்றார். டிரைவர் தொட்டிக்கு ஓடினான். காலையில் தின்றது அத்தனையும் வந்தது.

"பருப்பும்மா. வெறும் பருப்பு. நான்தான் ஒரு மாசத்துக்கு மேல எடுத்துத் தின்னுட்டிருந்தேன்" என்றார் ஐயா, கண் கலங்க.

வீட்டுக்கார அம்மாள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சீ, என்ன பிறவிங்களோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அறை தப்பியது.

ஆனால் அக்கா அவரை விடவில்லை. தன் சட்டியைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க சமைக்கிறீங்க. நான் வாயாலதான் சொல்லுவேன். கையை வைக்கமாட்டேன்."

நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஐயா தீயைப் பற்றவைப்பதற்குள் ஐந்து முறை பயந்து பின்னால் குதித்தார். பருப்பைக் கழுவுகிறேன் என்று பாதியைத் தொட்டியில், டிரைவர் வாந்தி எடுத்துச் சரியாகக் கழுவாமல் போன அதே தொட்டியில், கொட்டினார். கேரட்டை மண்ணோடு நறுக்கினார். பூண்டை உரிக்க வேண்டும் என்பது அவருக்குச் செய்தியாக இருந்தது. மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு அதே கையால் சீரகத்தை அள்ளினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தாள். எழுந்துபோய்க் கரண்டியைப் பிடுங்க வேண்டும் என்று கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அடிபிடித்த வாசனையோடு ஒரு வஸ்து தயாரானது. ஐயா அதை இரண்டு தட்டில் போட்டார். ஒன்றை அக்கா முன்னால் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார். இஸ்திரிச் சட்டை முழுக்க மஞ்சள் கறை.

அக்கா யோசித்துப் பார்த்தாள். ஒருவர் சமைத்து அவள் முன்னால் தட்டை வைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள். பருப்பு பாதி வேகவில்லை. பல்லில் மண் கடித்தது. தீய்ந்த கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. உப்பு மட்டும், எப்படியோ, அவளுக்குப் பிடித்த அளவில் இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

அக்கா தலையைத் தூக்கவில்லை.

"உப்பு கம்மி."

ஐயா பதறிப்போய், ஒரு கையில் கரண்டியோடு, உப்பு எங்கே என்று அலமாரி அலமாரியாகத் திறந்து தேடினார். பதினோரு வருடம் அவளும் அப்படித்தான் ஓடியிருக்கிறாள். 'உப்பு கம்மி' என்று சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சீ என்று இருந்தது. கடித்த மண்ணைத் தட்டோரத்தில் துப்பினாள். துப்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினாள்.