கழுவி வந்த பெட்டி

ஊதுவத்திச் சாம்பலைத் தட்டிவிட்டபடியே, துக்கத்துக்கு வருகிற பெண்களின் கைகளைத்தான் ஹிசானோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் வடக்கே தலைவைத்து, முகத்தில் வெள்ளைத் துணியோடு கிடந்தான் அவள் கணவன் கென்சாகு. முந்தாநாள் வாஜிமா துறைமுகத்து ஐஸ் ஆலையில் ரத்தம் கக்கி விழுந்தவன், ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்கவேயில்லை. சட்டை, செருப்பு எல்லாம் வந்துவிட்டன. சோறு கொண்டுபோன, அரக்குப் பூசிய இரண்டடுக்கு மரப்பெட்டி மட்டும் வரவில்லை. அது அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

முப்பது வருஷமாக அதில் பருக்கை ஒட்டாமல் அவன் திரும்பியதில்லை. இந்த வசந்தத்திலிருந்து பெட்டி கழுவி வந்தது. அரக்கில் கீறல் விழாமல், மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்திருந்தது. ஆண்பிள்ளைக்கு வராத பதம். ராத்திரிச் சாப்பாட்டிலும், "பகல்ல பலமா சாப்பிட்டேன்" என்று பாதியில் எழுந்துவிடுவான். எவள் கைச்சோறு? அவன் நாக்கைத் திருப்பிப் பிடிக்க, விடியுமுன் எழுந்து விதவிதமாகச் செய்து அடைத்தனுப்பினாள் ஹிசானோ.

"பெட்டி எங்க அண்ணி?" நாத்தனார் யசுனோ காதோரம் கேட்டாள்.

"உங்கண்ணனைக் கேளு. எவ வீட்டுல இருக்கோ."

"மெல்ல. அண்ணன் காதுல விழப்போகுது."

"விழட்டும்."

மதியம் ஒருத்தி துணிமூட்டையோடு வந்து வாசலிலேயே மண்டியிட்டாள். ஐம்பது வயதிருக்கும்.

"ஆலையில கூட்டிப் பெருக்குறேங்க. எம்பேரு தொமியே."

ஹிசானோ முடிச்சை அவிழ்த்தாள். பெட்டி பளபளத்தது.

"எத்தனை நாளா?"

"செர்ரி பூத்ததுலேர்ந்துங்க."

"வெக்கமில்லாம சொல்றியே!"

தொமியே தலை தூக்கவில்லை. "அவருக்கு உள்ள எறங்கலைங்க. ஒரு வாய் வெச்சாலே வாந்தி. மிச்சம் கொண்டுபோனா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு எங்கிட்ட குடுத்துருவாரு. டாக்டர்கிட்ட போங்கன்னு கெஞ்சினேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான்... நான் சொல்லியிருக்கணுங்க."

யசுனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியின் மூடியைத் தடவியபடி ஹிசானோ கேட்டாள்: "அப்ப எல்லாத்தையும் நீதான் சாப்பிட்டியா?"

"ஆமாங்க."

"தாமரைக்கிழங்குல உப்பு?"

"சரியா இருந்துச்சுங்க."

ஹிசானோ உள்ளே போய், துக்கத்துக்கு வந்தவர்களுக்காக ஆக்கியிருந்ததில் ஒரு கிண்ணம் எடுத்துவந்து அவள் முன் வைத்தாள். "சாப்பிடு."

தொமியே ஒரு வாய் எடுத்து மென்றாள். அது இறங்கும்வரை ஹிசானோ அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.