சொட்டு மருந்துக்குப் பிறகு வெளியே வந்தவை

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கால் மணி நேரம் ஆனதும் சலூன்காரரின் இடது கண்ணிலிருந்து ஒரு பழுப்புப் பூனை இறங்கி, அவர் மடியில் நின்று சோம்பல் முறித்துவிட்டு, மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கமாக நடந்து போனது. கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம் அன்று நிரம்பித்தான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் சொட்டு விட்டிருந்தார்கள், ஆகவே சாட்சி சொல்ல ஒருத்தருமில்லை. சொட்டு விடும் நர்ஸ் மட்டும் முழுசாகப் பார்த்தாள். நாள் முழுக்க அதே வேலை என்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொட்டக்கா என்றே பெயர். கண்ணிலிருந்து தண்ணீர் வரும், தூசி வரும், பூனை வருவது புதுசு என்று நினைத்துக்கொண்டவள், "அண்ணே, வீட்டுப் பூனையா?" என்று மட்டும் கேட்டாள். கடைக்கு இடது பக்கத்துச் சுவரில் நடக்கிற பூனை, கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை, செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன் என்றார் சலூன்காரர். அன்று மாலை கடைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை விசாரித்தார். பூனை சுவரில்தான் இருக்கிறது, இதோ காலை நக்குகிறது என்றார்கள். அவர் பார்த்தபோது சுவர் மட்டும் இருந்தது.

அவருக்கு வந்திருந்தது விழித்திரை நோய். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டே வரும், கடைசியில் நடுவில் சாவித் துவாரம் அளவுக்கு மிஞ்சும், பிறகு அதுவும் போய்விடும். அவருக்கு வந்த வகைக்கு மருந்து கிடையாது. மருந்து கிடையாது என்ற சொல்லைப் பெரிய டாக்டர் தன் வாயால் உச்சரித்ததில்லை. தொடர் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்பார், அதையும் ஏதோ கோட்டையைக் காவல் காக்கிற தோரணையில் சொல்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். சொட்டு விட்டதும் கண்பாவை கதவு மாதிரி அகலத் திறந்துகொள்ளும், மெஷினில் தாடையை வைத்தால் உள்ளே படம் எடுப்பார்கள். சின்ன டாக்டர் அந்தப் படத்தைப் போன தடவைப் படத்தோடு வைத்துப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இருக்காது, எந்தத் தடவையும் இருந்ததில்லை. ஆகவே எந்தத் தடவையும் மாற்றம் இல்லை என்று எழுதித் தருவார். சலூன்காரரின் மனைவி லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள், நேராகப் பேசுகிறவள். முதல் படத்தோடு வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். இங்கே எப்போதும் முந்தின படத்தோடுதான் ஒப்பிடுவது, அதுதான் முறை என்றார் சின்ன டாக்டர். "தினம் ஒரு செங்கல்லா உருவினா வீடு எப்ப இடிஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது. அப்படித்தானே சார்?" என்றாள். சின்ன டாக்டர் நல்ல மனுஷர், அப்படியும் சொல்லலாம்மா என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த தடவை காதுகள் வந்தன. யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு ஜோடி, ஓரத்தில் சோப்பு நுரை காயாமல் இருந்தது. அதிலிருந்து சலூன்காரருக்கு எந்தத் தலையிலும் காது தெரியவில்லை. இது தொழிலுக்கு நல்ல செய்தி அல்ல. வாடிக்கையாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் காதை மடக்கிப் பொத்திக்கொள்ளப் பழகினார்கள்; வெளியிலிருந்து பார்த்தால் அவர் ஏதோ கேட்கக் கூடாத செய்தியைச் சொல்லிக்கொண்டே முடி வெட்டுவது போலிருக்கும். அதற்கடுத்த தடவை கடைக்கு எதிர்ச்சாரி வேப்பமரம் வந்தது, கூடத்தின் கூரையை உரசிக்கொண்டு நின்றது, பிடுங்குவதற்குள் டைல்ஸை உடைத்து வேர் பிடித்துவிட்டது. பிறகு கடையின் பெரிய கண்ணாடி வந்தது. அதை ஆட்கள் தூக்கிப்போய்ப் பெரிய டாக்டர் அறையில் மாட்டினார்கள், அவர் அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குள் வைத்து வெளியே எடுக்கப்பட்டது எதுவும் ஆஸ்பத்திரிக்கே சொந்தம், பல் பிடுங்கினால் பல்லை யாராவது திருப்பிக் கேட்கிறார்களா என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. சலூன்காரர் அதுவும் நியாயம்தானே என்று எழுந்து வந்துவிட்டார். வழியில் வேப்பமரத்தில் முட்டிக்கொண்டார், கடைக்கு எதிரில் நின்ற நிஜ மரத்தில்.

சாமான்கள் சேரச் சேரப் பெரிய டாக்டருக்கு யோசனை பிறந்தது. கூடத்தின் ஒரு பக்கத்தைத் தடுத்து, சாமான்களைக் கண்ணாடிக் கூண்டுகளில் வைத்து, கண்காணிப்புச் சாதனைக் கூடம் என்று பலகை மாட்டினார். திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். ரிப்பன் வெட்டக் கத்தரி கொண்டுவர மறந்துவிட்டதால் சலூன்காரரின் பையிலிருந்ததைக் கடன் வாங்கினார்கள், அது திரும்பி வரவில்லை. மந்திரி காதுகளைப் பார்த்து மனம் நெகிழ்ந்தார், தான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற காதுகளை வெகுநாள் கழித்துப் பார்ப்பதாகச் சொன்னார். பெரிய டாக்டர், கண் போன பிறகு வருந்திப் பயனில்லை, உரிய காலத்தில் வந்து காட்டிக்கொண்டால் போவதை முறையாகப் பதிவு செய்து அனுப்பலாம் என்று பேசினார், பலத்த கைதட்டல். சலூன்காரருக்குத் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதானே என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். இனி அந்தப் பக்கம் போகவேண்டாம், சொட்டு விட்டால்தானே கதவு திறக்கிறது, கதவு திறந்தால்தானே சாமான் வெளியே போகிறது, பூட்டியே வைப்போம். அது புத்திசாலித்தனமான பேச்சாகத்தான் இருந்தது. அந்த ஆறு மாதம் அவர் போகவில்லை. ஆறாவது மாத முடிவில் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்தாள். வாசலில் மகளின் செருப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கையில் வளையலைப் பார்த்தார், கழுத்துக்கு மேலே பார்த்தபோது பின்னாலிருந்த கதவு தெரிந்தது. முகம் எங்கேயாவது விழுந்திருக்கும் என்று மூவருமாகத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில், தலையணை உறைக்குள், குளியலறை மூலையில், எங்கும் இல்லை. மகள்தான் முதலில் தேடுவதை நிறுத்தினாள். "விடுங்கப்பா, நான் இங்கதான இருக்கேன்," என்றாள். குரல் வந்த இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துத் தலையாட்டினார். சொட்டு விட்டால் வெளியே வந்து எங்கோ ஓரிடத்தில் இருக்கும், விடாவிட்டால் உள்ளேயே அழிந்து ஒன்றுமில்லாமல் போகும். போவது என்னவோ இரண்டிலும் போகும் என்பது அன்று அந்த வீட்டுக்கு விளங்கியது.

மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய், மிச்சமிருந்தது மனைவியின் முகம் ஒன்றுதான். சாவித் துவாரம் அளவுக்கு அவள் சரியாக இருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது எதிரே உட்காரச் சொல்லி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், சோறு ஆறிப்போகும். அடுத்த தவணைக்குப் போவதா வேண்டாமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தத் தேதியில் அவரே சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். நீ எங்கயாவது இருக்கணும், நான் பார்க்காட்டியும் பரவாயில்ல என்றார். அவள் உள்ளே போய் வெகுநேரம் அலங்காரம் செய்துகொண்டாள். கண்ணாடிக் கூண்டில் காலத்துக்கும் நிற்கப் போகிறவள், லாண்டரிப் புகை பட்ட முகத்தோடு நிற்க முடியுமா என்று சொட்டக்காவிடம் பின்னால் சொன்னாளாம். தாடைத் தொங்கல், கண்ணுக்குக் கீழே கருப்பு, முன்நெற்றி நரை, எல்லாவற்றையும் பவுடரால் சமாதானம் செய்து வைத்திருந்தாள். நரையைப் பற்றி மட்டும் அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். என் தலையில் நரை தெரியுதா என்று கேட்டால் ஒண்ணுகூட இல்ல என்பார். தொழில் தெரிந்தவன் பெண்டாட்டியிடம் பிழைத்துக்கொள்ளச் சொல்கிற பொய் என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சொட்டு விட்டார்கள். கால் மணி நேரம் கழித்து வலது கண்ணிலிருந்து ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். கம்பி உடைந்த குடை வைத்திருந்தாள், தலை தொப்பலாக நனைந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் மழைக்காகச் சலூன் வாசலில் ஒதுங்கி, முடி வெட்ட வந்தவர்களெல்லாம் நகர்ந்து இடம் கொடுக்க, ஒருத்தருக்கும் நன்றி சொல்லாமல் நின்ற பெண். கன்னத்தில் தொங்கல் இல்லை, கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை, தலையில் ஒரு நரைகூட இல்லை. கூடத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பவுடர் பூசிய முகத்தைத் தன் கையாலேயே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இவதானா?" என்றாள். "இத்தனை வருசமா நீங்க பார்த்துக்கிட்டிருந்தது இவளைத்தானா?"

சலூன்காரர் குரல் வந்த பக்கம் திரும்பினார். அங்கே யாரும் தெரியவில்லை. எதிர்ப்பக்கமும் யாரும் தெரியவில்லை.

"வேற யாரு இருந்தா?" என்றார்.

அவள் அதற்குச் சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று அன்று முழுவதும் முடிவு செய்யவில்லை, பிறகும் செய்ததாகத் தெரியவில்லை. தன்னை ஒருத்தர் கடைசிவரை கிழவியாகப் பார்க்கவேயில்லை என்பது பெருமை. தன் தலை நரைத்ததையும், மகள் பிறந்தபோது உடம்பு உருகியதையும், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பையும் ஒருத்தர் கடைசிவரை பார்க்கவேயில்லை என்பதும் அதே விஷயம்தான். இனி பார்க்கச் சொல்லவும் வழியில்லை. இளம்பெண்ணை வீட்டுக்கு அழைத்துப்போகக் கேட்டுப் பார்த்தாள், விதி இடம் கொடுக்காது என்றார்கள். கண்ணாடிக் கூண்டில் வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கியது, ஆகவே காத்திருப்புக் கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, அவள் கூந்தலுக்குக் கீழே ஒரு வாளி வைத்தார்கள். அவள் யாரோடும் பேசுவதில்லை, மழை விட்டதும் கிளம்பிவிடுகிற முகத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த ஈரத்தையும் அரை மணியில் காயவைக்கத் தெரிந்த மனைவி ஒவ்வொரு தவணைக்கும் லாண்டரித் துண்டு கொண்டுவந்து அவள் தலையைத் துவட்டிப் பிழிந்துவிடுவாள். அது காய்ந்ததேயில்லை.

தவணை மட்டும் தவறவில்லை. இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சலூன்காரர் வருகிறார், சொட்டு விட்டுக்கொள்கிறார், திறந்த கண்ணிலிருந்து எதுவும் வருவதில்லை. சின்ன டாக்டர் இருட்டான ஒரு படத்தை இருட்டான முந்தின படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, மாற்றம் இல்லை என்று எழுதுகிறார், அது முதல் தடவையாக உண்மையாகவும் இருக்கிறது. போன தவணையில் மெஷினுக்காகக் காத்திருந்தபோது மனைவி துண்டை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதாவது பேசவேண்டுமே என்று, தலையில் நரை தெரிகிறதா என்று கேட்டாள். அவர் கையை நீட்டித் தடவினார். காய்ந்த தலை, வகிடு அகலமாகிவிட்ட தலை. முடி தொட்டே பிழைத்த கைக்கு நரைமுடியின் சொரசொரப்புத் தெரியாமலா போகும்.

"ஒண்ணுகூட இல்ல," என்றார்.

அந்த ஒரு தடவை அவர் பொய் சொன்னார். பிறகு அவரைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். சொட்டக்கா வந்து கடைசி பெஞ்சில் நிரம்பியிருந்த வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போனாள்.